மகாகுருவுக்கு மின்னல் வேண்டாம்

போன வாரம் என்னைக் கூப்பிட்டு உங்கள் புது கம்ப்யூட்டர் ஆட்டத்தின் தலைமைக் குருவைத் திரையில் காட்டினீர்கள். ஆள் ஏழடி. கையில் கோல், கோலின் முனையில் மின்னல். நெற்றியில் ஒரு ரத்தினம். அவர் வாயைத் திறந்தால் இடி இடிக்கிறது. "எப்படி சார் இருக்கு?" என்று கேட்டீர்கள். கிழவன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டானே என்ற கவலையும் உங்கள் முகத்தில் தெரிந்தது. அதனால் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். இன்றைக்கு நீங்களே கூப்பிட்டு மைக்கைக் கையில் கொடுத்திருக்கிறீர்கள். இனிமேல் என் மேல் தப்பில்லை.

உங்கள் குருவைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. இத்தனை பெரிய மனிதர் தன் மின்னலைத் தானே தூக்கிக்கொண்டு அலைகிறாரே, அதைத் தூக்க ஓர் ஆள் கூடவா இல்லை? பம்பாயில் எங்கள் மாட்டுங்காவில் ஒரு பஜனை மண்டலியின் உதவித் தலைவர்கூடத் தன் குடையைத் தானே பிடித்து நான் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலில் நான் முதலில் போட்டுத் தேய்த்த பாத்திரமே தலைமைக் குருதான். அது எண்பதுகளில், தாராவியில். கம்ப்யூட்டரில் விளையாடலாம் என்பதே எங்களுக்குத் தெரியாத காலம். அப்போது மைதீன் பாயின் பட்டறையில் எனக்கு வேலை. பாய் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய் வந்து, அட்டை வெட்டி, பசை தடவி, பாம்புக்கட்டமும் லூடோவும் செய்து விற்றுக்கொண்டிருந்தவர். பெட்டிக்குள் வைக்கும் விதித்தாளைத் தமிழிலும் இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதுவது என் வேலை. ஏணி வந்தால் ஏறு, பாம்பு வந்தால் இறங்கு என்பதை மூன்று மொழியில் எழுத ஒருவன் சம்பளம் வாங்கினான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் மாதா மாதம் சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன்.

பிறகு பளபளவென்று பிளாஸ்டிக் ஆட்டங்கள் கடைக்கு வந்தன. எங்கள் அட்டைப் பாம்பு அதன் முன்னால் புழுவாகிப் போனது. பாய் கணக்குப் பார்க்கும்போது பெருமூச்சு விட ஆரம்பித்தார். அந்த நேரத்தில்தான் என்னோடு காலேஜில் படித்த விஸ்வநாதன் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மாட்டுங்காக்காரன், பாங்கில் வேலை. அவன் அத்திம்பேர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஆட்டப் பெட்டி அது. அதற்குள் பலகையே இல்லை. ஒரு தடிப் புத்தகமும், பல முகங்கள் கொண்ட பகடைக் காய்களும் மட்டும். ஒருவன் கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு அந்தக் கதைக்குள்ளே வாழுவார்கள். கத்தியை வீசுகிறேன் என்றால் காயை உருட்டி, பட்டதா இல்லையா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கு இது பால்குடி வயதிலேயே தெரியும். எனக்கு அன்று தூக்கம் போய்விட்டது.

நம் ஊர்க் கதையை வைத்து, நம் மொழியில் இப்படி ஓர் ஆட்டம் செய்யலாம் என்று பாயிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"எல்லாம் சரிவே. பலகையே இல்லாத ஆட்டத்துல நான் எதை வெட்டி விக்க?" என்றார்.

படங்கள் உண்டு, அட்டைகள் உண்டு, பெட்டி உண்டு என்று அவரைச் சமாதானம் செய்தேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். ஒரே நிபந்தனை. "இதுவும் ஓடலன்னா நான் ஸ்வீட் டப்பாவுக்கு மாறிருவேன். ஸ்வீட் டப்பாவுக்கு விதி எழுத ஆள் வேண்டாம், தெரிஞ்சுக்கிடும்." பாய் மிரட்டிச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். அதனால்தான் நான் நம்பினேன். எனக்கு விதி எழுதுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அதைவிட, வேறு எதுவும் பிடிக்காது.

கதை எளிமையானது. ஒரு கிராமம். அதன் ஒரே கிணற்றைப் பெரிய கோயில் மூடி வைத்திருக்கிறது. திறக்க மகாகுருவின் அனுமதி வேண்டும். வீரர்கள் காடு மலை தாண்டி, பூதத்தைக் கொன்று, அவர் முன்னால் போய் நின்று அனுமதி வாங்க வேண்டும். மகாகுருவை நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கினேன். சாபம் கொடுப்பார். நெருப்பை வரவழைப்பார். நினைத்தால் மறைவார். அமெரிக்கப் புத்தகத்தில் இருந்த எல்லாப் பெரிய எண்களையும் அள்ளி அவர் தலையில் கொட்டினேன். உங்கள் ஏழடி ஆளுக்கு அவர் தூரத்துச் சொந்தம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் பசை வாடைக்கு நடுவே முதல் சோதனை ஆட்டம். விஸ்வநாதன் மந்திரவாதி. பக்கத்துச் சந்தில் தோல்பை தைக்கிற செல்லத்துரை வீரன். செம்பூர் திலக் நகரிலிருந்து வரும் ராஜாத்தி திருடி. ராஜாத்தி ஃபோர்ட் ஏரியாவில் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். வாரம் முழுக்க யாரோ சொன்னதை அடித்த களைப்புக்கு, ஞாயிற்றுக்கிழமையாவது திருட வேண்டும் என்பாள்.

மகாகுரு தோன்றினார். நான் எழுந்து நின்று அவர் குரலில் பேசினேன். மேகத்தை அழைத்தேன், பூமியை நடுங்க வைத்தேன். செல்லத்துரை பீடியைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டான்.

"அவரு பேசி முடிச்சாச்சா?" என்றான்.

"முடிச்சாச்சு."

"அப்பச் சரி. நான் வெட்டுதேன்."

இருபது முகக் காயை உருட்டினான். அது உருண்டுபோய்ப் பசை டப்பாவில் முட்டி, இருப்பதிலேயே பெரிய எண்ணைக் காட்டியது. விதிப்படி மகாகுருவின் தலை படியில் உருண்டது. அப்போதுதான் அரை கிளாஸ் கட்டிங் சாயாவோடு உள்ளே வந்த பாய் எங்களைப் பார்த்தார்.

"என்னவே, சாயா ஆறல, அதுக்குள்ள ஒம்ம பெரிய சாமி மவுத்தாயிட்டாரே!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் புத்தகத்தைப் புரட்டி, அந்த வெட்டு எப்படிச் செல்லாது என்று வாதாடிக்கொண்டிருந்தேன். விஸ்வநாதன்தான் சொன்னான். "விடுடா. அவர்கிட்ட நீ குடுத்தது ஆயுதம். ஆயுதம் வெச்சுண்டிருக்கறவனை இன்னொரு ஆயுதத்தால அடிக்கலாமோல்லியோ? அவ்வளவுதான்." பாங்கில் இருந்தாலும் சில சமயம் உருப்படியாகப் பேசுவான்.

இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். உங்கள் குருவின் பலத்தை எண்ணில் போட்டால், அதைவிடப் பெரிய எண்ணோடு ஒருவன் வந்தே தீருவான். வாளோடு வருகிறவனுக்கு அவர் ஒரு பெரிய பூதம், அவ்வளவுதான்.

சரி, எண் இல்லாத பலம் எப்படி இருக்கும்? அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு சபாவுக்குச் செக்ரட்டரி. அவர் எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்று அவரே சத்தியம் செய்வார்.

பட்டறையில் பசை வாடை தாங்காமல், ஞாயிற்றுக்கிழமை சபா ஹாலைக் கேட்கலாம் என்று அவரிடம் போனேன். என்ன வரவேற்பு! "வாங்கோ வாங்கோ. ஃபேனுக்கடியில உட்காருங்கோ. காபி சாப்பிடுங்கோ." அப்பா அம்மா சௌக்கியம் விசாரித்தார். பட்டறையை விசாரித்தார். நான் ஹாலைப் பற்றிச் சொன்னதும் கண்ணை மூடி, தலையை மெல்ல ஆட்டி, "பார்க்கலாம்" என்றார். நான் சந்தோஷமாக இறங்கி வந்தேன். அடுத்த வாரம் போனேன். மறுபடி ஃபேன், காபி, பார்க்கலாம். மழைக்காலம் முடிந்து வெயிலும் வந்துவிட்டது. அவர் ஒருநாளும் முகம் கோணவில்லை, ஒருநாளும் இல்லை என்று சொல்லவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் நாளாக நாளாக அவருக்குக் காய்கறி வாங்கிக் கொடுக்கவும், அவர் மூக்குக் கண்ணாடியை ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகவும் ஆரம்பித்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தேன். எனக்கு முன்னால் காத்திருந்தவர் அவர் வீட்டுக்குக் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நிற்கிறார் என்று தெரிந்தபோது பொறாமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஹால் பூட்டியே கிடந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் கேட்பவர்கள் நின்றுவிடுவார்கள், அதுதான் காரணம். ஒருநாள் மாடிப்படி இறங்கும்போது இது எனக்கு உறைத்தது. கோபம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பரவசம். ஓடினேன் ஐயா, காய்கறிப் பையை அங்கேயே வைத்துவிட்டுத் தாராவி வரைக்கும் ஏறக்குறைய ஓடினேன்.

இரண்டாவது மகாகுரு அப்படித்தான் பிறந்தார். மின்னலைப் பிடுங்கினேன். சாபத்தைப் பிடுங்கினேன். எண்கள் போட வேண்டிய கட்டங்களை எல்லாம் காலியாக விட்டேன். கடைசியில் ஆளையே பிடுங்கினேன். மகாகுரு ஆட்டத்தில் வரவே மாட்டார். அவருக்குப் பதில் மேஜை நடுவில் அவருடைய படம் போட்ட ஓர் அட்டை நிற்கும். தாராவியில் சைன் போர்டு எழுதுகிறவர் ஒருவர் வரைந்து கொடுத்தார். வெள்ளைத் தாடி, பாதி மூடின கண், தூக்கின கை. கீழே ஒரே ஒரு விதி: காத்திருக்கவும். மற்றபடி எல்லாவற்றுக்கும் வாசல்காரன்தான். அவன் பேசுவதை நான் பேசுவேன். வீரர்கள் எது கேட்டாலும் அவனுக்கு ஒரே பதில். "திருவுள்ளம் இன்னும் இறங்கவில்லை."

பலன் என்ன தெரியுமா? முதல் மகாகுருவின் தலையை ஒரே வீச்சில் சீவிய அதே செல்லத்துரை, வாளைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, மகாகுருவின் காலிப் பல்லக்குக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றான். நான் பிடிக்கச் சொல்லவில்லை. எதைத் திருடவும் துணிந்த ராஜாத்தி மடப்பள்ளிக்குள் நுழைந்து, புளியோதரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். "என்ன திருடின?" என்றால், "அங்க எப்படிண்ணா திருடறது? பாவம் இல்ல?" என்கிறாள். விஸ்வநாதன் கதை இன்னும் மோசம். வாரத்தின் நடுவில் கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நின்ற என்னைப் பிடித்துக்கொண்டான்.

"செல்லத்துரையைக் குடை பிடிக்க விட்டது சரியில்லடா. என்ன இருந்தாலும் நான் மந்திரவாதி. ஒரு முறைன்னு இருக்கோல்லியோ?"

"அது காலிப் பல்லக்குடா."

"அதனால?"

நன்றாகப் படித்தவன், பாங்கில் ஆயிரம் பேர் கையெழுத்தைச் சரிபார்க்கிறவன். இல்லாத பல்லக்கின் மேல் இல்லாத குடையைத் தான் பிடிக்கவில்லையே என்று அவனுக்கு உண்மையான வருத்தம். செல்லத்துரையோடு இரண்டு ஞாயிறு பேசவில்லை. பாய் இதையெல்லாம் ஓரமாக நின்று கவனித்தார். அவருக்கும் நம்பிக்கை வந்தது. வண்ணத்தில் அடிக்கிற பிரஸ்காரன் கொஞ்சமாக அடிக்க மாட்டேன் என்றதால், மகாகுருவின் அட்டையைக் கட்டுக் கட்டாக அடித்தே விட்டார்.

இனி விற்பவர் வேண்டும். செம்பூரில் பரமசிவம் அண்ணாச்சி என்று ஒருவர், காகிதச் சாமானும் பொம்மைகளும் மொத்த வியாபாரம். அவர் கடையில் ஒரு பெட்டி ஏறினால் பம்பாய் முழுக்க ஏறிவிடும். ஆட்டத்தை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டச் சொன்னார். எல்லோரும் போனோம். போனால் வாசலில் செருப்பு மலையாகக் குவிந்திருக்கிறது. உள்ளே அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவருடைய நாற்காலியில் ஒரு சுவாமிஜி உட்கார்ந்திருக்கிறார். தெற்கே இருந்து வந்து அண்ணாச்சி வீட்டில் தங்கியிருந்தார். சுற்றிலும் சீடர்கள்.

"நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க" என்றார் அண்ணாச்சி. "சாமி கண்ணு முன்னாடியே ஆடிக் காட்டுங்க. சாமி ஒரு வார்த்த சொன்னாங்கன்னா நான் கண்ண மூடிட்டு எடுத்துக்கிடுதேன்."

பாய் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார். முகம் வெளிறியிருந்தது. "வே, அந்த மகாகுருவக் கொஞ்சம் நல்லவராக்கிரும். வந்து கெணத்தத் தொறந்து விடட்டும். ஒம்மக் கும்பிடுதேன்."

பாய் சொன்னது சுலபம். ஒரு வாக்கியம் மாற்றினால் போதும். மகாகுரு வருவார், ஆசி கொடுப்பார், கிணறு திறக்கும், சுவாமிஜி மகிழ்வார், அண்ணாச்சி எடுப்பார், என் வேலை பிழைக்கும். பாய் என் முழங்கையை விடவில்லை. சரி, மாற்றிவிடலாம் என்றுதான் திரும்பினேன். அதற்குள் சுவாமிஜி மேஜையிலிருந்த அட்டையைக் கையில் எடுத்துவிட்டார்.

"யாரு இவர்?"

"எங்க ஆட்டத்துல தலைமைக் குரு, சாமி."

"என்ன பண்ணுவார்?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் தானாக வந்து விழுந்தது. "ஒண்ணும் பண்ண மாட்டார், சாமி."

சீடர்கள் மூச்சை இழுத்தார்கள். பாய் கண்ணை மூடிக்கொண்டார். சுவாமிஜி அட்டையை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "பரவாயில்லையே" என்றார். பிறகு, "நானும் ஆடறேன்" என்றார்.

பாய் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். மகாகுரு வேடத்தை அவருக்குக் கொடு என்று அர்த்தம். எங்கள் ஆட்டத்தில் அந்த வேடத்துக்கு நாற்காலியே கிடையாது, எதைக் கொடுப்பது? சுவாமிஜியே என்னைக் காப்பாற்றினார். "சாதாரண ஆளாவே வரேன்" என்றார். ஆகா, என்ன எளிமை என்று சீடர்கள் உருகினார்கள். ஆக, கிணறு மூடின கிராமத்திலிருந்து வந்த ஓர் ஏழைக் குடியானவனாகச் சுவாமிஜி கோயில் வாசலில் வந்து நின்றார். நான் வாசல்காரன். அவரைப் பார்த்துச் சொன்னேன்: "திருவுள்ளம் இன்னும் இறங்கவில்லை. காத்திருக்கவும்."

அவர் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையை இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்தார்.

செல்லத்துரை தான் கொன்ற பூதத்தின் தலையைக் காணிக்கையாகக் காட்டினான். விஸ்வநாதன் தங்கம் தருகிறேன் என்றான். ராஜாத்தி சுவரேறிப் பார்த்தாள். சுவாமிஜி மட்டும் எதுவும் கேட்கவில்லை. "வாசல்ல செருப்பெல்லாம் தாறுமாறா கிடக்குமே, அதை அடுக்கி வைக்கறேன்" என்றார். சரி என்றேன். கொஞ்சம் கழித்து, "வாசல்காரருக்கு எத்தனை குழந்தைகள்?" என்று விசாரித்தார். நான் யோசிக்காததால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூத்தவளுக்குக் கல்யாணம் கூடிவரும் என்றார். என்னை அறியாமல் "சந்தோஷம் சாமி" என்றேன். அப்புறம், வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். தண்ணீர் கொடுக்கிறவர் என்பதால் அவரிடம் ஆட்கள் கேள்வி கேட்டார்கள். கேள்வி கேட்டதால் அவர் பதில் சொன்னார். "இன்னிக்கு முடியாது, நாளைக்கு வாங்கோ." இப்படியே போய், கட்டிங் சாயா ஒரு சுற்று வந்து போவதற்குள், கோயில் வாசலில் யார் நிற்கலாம், யார் போகலாம் என்பதை அவர்தான் முடிவு செய்துகொண்டிருந்தார். என் வாசல்காரன் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தான். நான்தான் விசிறினேன். விஸ்வநாதன் குரலைத் தாழ்த்தி அவரிடம் தரிசனத்துக்கு நேரம் கேட்டான்.

செல்லத்துரைக்குப் பொறுக்கவில்லை. "சாமி, அந்தக் கெணறு?" என்றான்.

சுவாமிஜி உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "எந்தக் கெணறு?"

சாமி தன் கிராமத்துக்குத் தண்ணீர் கேட்க வந்தவர் என்பதை எல்லோருமே அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். அவருக்கும் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு நொடி முகத்தில் ஏதோ ஓடியது. பிறகு கண்ணைப் பாதி மூடி, கையைக் கொஞ்சம் தூக்கி, "பார்க்கலாம்" என்றார்.

என் வேலை போய்விட்டது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. நான் ஒரு வருஷம் உட்கார்ந்து எழுதியதை இந்த மனிதர் ஓர் அரை மணியில் ஆடிக் காட்டிவிட்டார்.

அண்ணாச்சி குனிந்து கேட்டார். "சாமி, இந்த ஆட்டத்த எடுத்துக்கிடலாமா?"

அதே கண், அதே கை. "பார்க்கலாம்."

அப்புறம் பாய் நடையாய் நடந்தார். கடைக்குப் போனால் அண்ணாச்சி, "சாமி வேண்டாம்னா சொன்னாங்க? பாக்கலாம்னுதான சொல்லிருக்காங்க. இருங்க பாய்" என்பார். சாமியையே பார்க்கலாம் என்று போனால் வாசலில் ஒரு சீடன் நிற்பான். அன்றைக்கு ஆட்டத்தை வாய் பிளந்து பார்த்தவன். முன்பெல்லாம் சாமி குளிக்கிறார், சாமி தூங்குகிறார் என்று ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். பாயோடு நானும் ஒருநாள் போயிருந்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, நிதானமாக, "திருவுள்ளம் இன்னும் இறங்கல" என்றான். நான் எழுதிய வசனத்தை என்னிடமே சொல்லுகிறான்! என்னைவிட நன்றாகவும் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வரிசையைவிட்டு நகரவில்லை. பாய்தான் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார்.

ஸ்டேஷனுக்கு நடந்தோம். பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு சொன்னார். "ஒம்ம ஆட்டம் நல்ல ஆட்டம்வே. நான் இப்ப அதுக்குள்ளதான் நிக்கேன். போதும், நான் வெளிய வாரேன்."

அந்த மாதம் அவர் ஸ்வீட் டப்பாவுக்கு மாறினார். டப்பாவுக்கு விதி எழுத ஆள் வேண்டாம் என்பதை மறுபடி சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. அந்தப் பட்டறையைவிட்டு வந்த சாயங்காலம் எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் சொல்லுகிறேன். முதல் டப்பா ஆர்டர் யாரிடமிருந்து வந்தது தெரியுமா? அண்ணாச்சிதான் கொடுத்தார். சுவாமிஜியின் பிறந்தநாளுக்கு வீடு வீடாக லட்டுப் பிரசாதம். பாய் எதையும் வீணாக்குகிறவர் இல்லை. கட்டுக் கட்டாகக் கிடந்த மகாகுரு அட்டைகளை, படம் மேலே பார்க்க, டப்பாவுக்கு அடி அட்டையாகப் போட்டார். மேலே பட்டர் பேப்பர், அதன் மேலே லட்டு.

வேலை தேடி அலைந்துகொண்டிருந்த ஒருநாள் ராஜாத்தி வந்து, சிரிப்பை அடக்க முடியாமல், "அண்ணா, ஒங்க மகாகுரு எங்க பக்கத்து வீட்டுல இருக்கார்" என்றாள். லட்டைத் தின்று முடித்தவர்கள் பட்டர் பேப்பரைத் தூக்கியிருக்கிறார்கள். அடியில் வெள்ளைத் தாடியோடு ஒரு மகான், கையைத் தூக்கி நிற்கிறார். தூக்கிப் போட மனம் வருமா? ஒருத்தி கண்ணாடிச் சட்டம் போட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள். திலக் நகரில் அந்த வரிசை முழுக்க சந்தனம் குங்குமத்தோடு சாமி மாடத்தில் இருக்கிறாராம்.

ராஜாத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விற்காத ஆட்டம், போன வேலை, அதற்கு மேல் இதுவா? நேரே போய், அம்மா, இவர் எந்த மகானும் இல்லை, இவரை நான்தான் எழுதினேன், வேறு ஒருவர் வரைந்தார், இவர் ஒன்றுமே செய்ய மாட்டார் என்று சொல்லிவிட வேண்டும். ஒரே ஓர் ஆளுக்காவது அது என்னுடையது என்று தெரிய வேண்டும். அப்படி ஒரு வெறியோடு ராஜாத்தியையும் இழுத்துக்கொண்டு போனேன்.

கதவு திறந்தே இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றினேன். எப்படியும் கழற்றித்தானே ஆக வேண்டும். உள்ளே ஊதுபத்திப் புகைக்கு நடுவில் அவர் நின்றார். தாடி, பாதிக் கண், தூக்கின கை. ஒரு துளசிச் சரம். அந்த வீட்டு அம்மா கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் நின்றிருந்தார். நான் பேச வாயெடுத்ததும் திரும்பாமலே விரலை உதட்டில் வைத்தார்.

"ஷ்ஷ். நில்லுங்க."

"எதுக்கும்மா?"

"கீழ போட்டிருக்குல்ல?"

குனிந்து பார்த்தேன். குங்குமம் பட்டிருந்தாலும் எழுத்து தெரிந்தது. காத்திருக்கவும்.

"எவ்வளவு நேரம்?" என்றேன்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இவனுக்கு இதுகூடத் தெரியாதா என்பது போலிருந்தது பார்வை. "அது நமக்கா தெரியும்?"

எவ்வளவு நேரம் என்பதை நான் விதியில் எழுதவில்லை. எழுதவே தோன்றவில்லை. இப்போது சொல்லுங்கள், உங்கள் ஏழடி ஆளின் மின்னல், கோபத்தோடு வந்த ஒருவனை இப்படிச் செருப்பில்லாமல் நிற்க வைக்குமா? அதை வாங்கி ஓரமாக வையுங்கள். கோலையும்தான்.

கொஞ்ச நேரத்தில் ராஜாத்திக்குக் கால் வலித்திருக்க வேண்டும். பின்னாலிருந்து என் சட்டையை இழுத்து, "சொல்லிட்டுப் போலாம்ணா" என்று முணுமுணுத்தாள்.

"கொஞ்சம் இரு" என்றேன்.